நட்டுக்குள் ஒளிந்திருக்கும் 17 டன்

தோ பாயோ கான்கிரீட் ஊர். சதுப்பு நிலத்தைத் தூர்த்து 1960களின் நடுவில் வீவக கட்டிய புளோக்குகள் முதல், இன்று 40 மாடிக்கு நிமிர்ந்து நிற்கும் வீடுகள்வரை எல்லாமே சிமெண்டும் கம்பியும்தான். எஃகு இங்கே உதிரி வேலைகளுக்குத்தான் வரும். எம்ஆர்டி நிலையத்திலிருந்து வீட்டுவாசல்வரை நம்மை நனையாமல் கொண்டுசேர்க்கும் கூரை நடைபாதை, பாதசாரி மேம்பாலத்தோடு பிற்பாடு சேர்த்துக் கட்டிய மின்தூக்கிக் கூண்டு, புதிய வீடுகள் எழும் இடத்தில் காலைமுதல் மாலைவரை சுழலும் டவர் கிரேன். உதிரி என்று சொன்னாலும் இவற்றின் அடியில் நடக்காமல் இந்த ஊரில் யாருக்கும் ஒரு நாள் கழியாது. இவற்றைக் கட்டிப்போட்டு வைத்திருப்பது போல்ட்டும் நட்டும்.

மழைக்கு ஒதுங்கி நிற்கும் நேரத்தில் அந்தக் கூரையின் தூண் ஒன்றின் அடியைக் குனிந்து பாருங்கள். தரையோடு ஒட்டிய ஒரு தகடு, அதன் மூலைகளில் நட்டு, சில இடங்களில் நட்டின் மேல் இன்னொரு நட்டு. இதை முடுக்கியவருக்குப் பெரிய சோதனை எதுவும் இருந்திருக்காது. சாதாரண ஸ்பேனரை ஓர் ஆள் முழுப் பலத்தோடு இழுத்து, தகடுகள் ஒன்றோடொன்று படிந்துவிட்டால் வேலை முடிந்தது. இங்கே போல்ட்டின் உடம்பே துளைக்குள் குறுக்கே நின்று விசையைத் தாங்குகிறது. கொஞ்சம் கூடக் குறைய முடுக்கினாலும் கட்டுமானத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. கட்டடங்களில் உள்ள போல்ட்களில் கணிசமானவை இந்த வகைதான்.

தலையை நிமிர்த்தி அந்த டவர் கிரேனைப் பார்த்தால் கதை வேறு. அதன் கம்பத்துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்திருக்கும் போல்ட்கள், கிரேன் ஒவ்வொரு முறை சுமை தூக்கித் திரும்பும்போதும் ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் அமுங்குகின்றன. ரயில் பாலங்கள், நீண்ட கூரைத் தாங்கிகள், அதிரும் இயந்திரங்களைச் சுமக்கும் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். இங்கே போல்ட் துளைக்குள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதாது. நிறுவும்போதே அதைப் பலமாக இழுத்து நீட்டி, நீண்ட நிலையிலேயே நிறுத்திவைக்க வேண்டும். இப்படி முன்கூட்டியே ஏற்றிவைக்கும் இழுப்பைப் பொறியாளர்கள் முன்னிழுவிசை என்கிறார்கள். தளத்தில் இருப்பவர்களுக்கு அது வெறும் 'டைட்'. டைட் போதுமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? எஃகுக் கட்டுமானத்தில் இந்தக் கேள்வியைவிடச் சாதாரணமாகத் தெரிந்து, இதைவிடச் சிரமம் கொடுக்கும் கேள்வி அதிகம் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. எம்20 என்றால் 20 மி.மீ. விட்டமுள்ள போல்ட். அதன் தலையில் 10.9 என்று பொறித்திருக்கும். முதல் எண், சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் இழுப்பை அந்த எஃகு தாங்கும் என்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ள 9, அதில் 90 விழுக்காடுவரை இழுத்தாலும் விட்டவுடன் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்கிறது. மரைப் பகுதியில் விசை தாங்கும் பரப்பு 245 சதுர மி.மீ. ஐரோப்பிய விதியும் சரி, அமெரிக்க விதியும் சரி, அறுபடும் வலிமையில் 70 விழுக்காட்டை முன்னிழுவிசையாகக் கேட்கின்றன. கணக்குப் போட்டால் சுமார் 172 கிலோநியூட்டன் வரும். எடையாகச் சொன்னால் பதினேழரை டன். கைவிரல் பருமனுள்ள ஓர் எஃகுத் துண்டுக்குள் இவ்வளவு இழுப்பு ஒளிந்திருக்கிறது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. 60 மி.மீ. தடிமனுள்ள தகடுகளைப் பிடித்திருக்கும் அந்தப் போல்ட், இத்தனை விசைக்கும் கிட்டத்தட்ட 0.2 மி.மீ. மட்டுமே நீண்டிருக்கும். வெறும் கையால் முடுக்கிய போல்ட்டையும் பதினேழரை டன்னில் நிற்கும் போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தலைமைப் பொறியாளருக்கும் வித்தியாசம் தெரியாது.

இந்த இழுப்பு செய்யும் வேலை இரண்டு. நீட்டிய போல்ட் சுருங்கப் பார்க்கும். சுருங்க முடியாததால் தகடுகளை ஒன்றோடொன்று நெரிக்கும். அந்த நெரிப்பில் பிறக்கும் உராய்வே தகடுகளை நழுவாமல் வைத்திருக்கிறது. மணல் பீச்சித் தூய்மையாக்கிய பரப்புக்கு உராய்வுக் கெழு 0.5 வரை தரலாம் என்கிறது ஐரோப்பிய விதி. எந்தப் பக்குவமும் செய்யாத பரப்புக்கு 0.2 மட்டுமே. அதே எம்20 போல்ட், அதே இழுப்பு, ஒரே ஒரு உராய்வுப் பரப்பு என்று வைத்துக்கொண்டால், பாதுகாப்புக் காரணியையும் கழித்த பின் முதல் பரப்பில் 69 கிலோநியூட்டன் தாங்கும், இரண்டாவதில் 27தான். ஆகவே போல்ட்டை எவ்வளவு ஒழுங்காக முடுக்கினாலும், தகடுகள் சேரும் இடத்தில் யாரோ அக்கறையாகச் சாயம் பூசிவைத்திருந்தால் போச்சு. போல்ட் சரிபார்ப்பு என்பது போல்ட் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, தகட்டின் முகத்தைப் பார்ப்பதில் தொடங்குகிறது.

இரண்டாவது வேலை நுட்பமானது. நன்றாக நெரிபட்ட இணைப்பை வெளியிலிருந்து ஒரு சுமை பிரிக்கப் பார்க்கும்போது, அந்தச் சுமையில் பெரும்பகுதி தகடுகளின் நெரிசலைக் குறைப்பதில் செலவாகிவிடுகிறது. போல்ட்டுக்குள் உள்ள இழுப்பு கொஞ்சமே ஏறி இறங்கும். ஏறி இறங்குவதுதான் எஃகைக் களைப்படைய வைத்து விரிசல் விடச் செய்யும். எனவே முன்பே பலமாக இழுத்துவைத்த போல்ட், தளர்ந்த போல்ட்டைவிட நெடுங்காலம் உழைக்கும். 'இவ்வளவு இழுத்துவிட்டால் மிச்சத் தெம்பு எங்கே இருக்கும்?' என்று கேட்பவர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சரி, இழுப்பை அளப்பது எப்படி? பெரும்பாலோருக்கு உடனே மனத்தில் வருவது டார்க் ரெஞ்ச். குறித்த முறுக்குவிசை வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும் நீண்ட பிடியுள்ள கருவி. அந்தச் சத்தம் கேட்டதும் முடுக்குபவருக்கும் நிம்மதி, பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசருக்கும் நிம்மதி. என் கணிப்பில், எஃகுத் தளங்களில் தவறான நிம்மதியை அதிகம் கொடுத்த சத்தம் இதுதான்.

ஊறுகாய் பாட்டில் மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் எண்ணெயும் உப்பும் காய்ந்து ஒட்டியிருந்தால் எவ்வளவு பலமாகத் திருப்பியும் மூடி அசையாது. கை வலித்ததை வைத்து மூடி இறுக்கமாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. நட்டிலும் அதே கதை. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி, நட்டு தன் அடியில் உள்ள வாஷரோடு உரசுவதில் போய்விடுகிறது. இன்னொரு 40 விழுக்காடு மரைக்குள் உரசுவதில் போகிறது. மிஞ்சும் 10 விழுக்காடுதான் போல்ட்டை நீட்டுகிறது. டார்க் ரெஞ்ச் அளப்பதில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வு. அந்த உராய்வு கொஞ்சம் மாறினாலும் மிச்சமிருக்கும் ஒரு பங்கு எங்கேயோ போய் நிற்கும்.

எண்களில் பார்க்கலாம். முறுக்குவிசை என்பது இழுவிசை, விட்டம், ஒரு கெழு ஆகிய மூன்றின் பெருக்கம். புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த, மசகு பூசிய போல்ட்டுக்கு அந்தக் கெழு 0.13 என்று வைத்துக்கொள்வோம். 172 கிலோநியூட்டன் இழுப்பு வர 447 நியூட்டன்-மீட்டர் முறுக்க வேண்டும். ரெஞ்சை அந்த அளவில் வைத்துவிட்டோம். இப்போது மழையில் மசகு கழுவப்பட்டு லேசாகத் துரு ஏறிய போல்ட் ஒன்று வருகிறது, கெழு 0.20. அதே 447-இல் ரெஞ்ச் 'க்ளிக்' என்கிறது. உள்ளே இருப்பதோ 112 கிலோநியூட்டன். தேவையில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டவில்லை. அடுத்த போல்ட்டில், வேலை சுலபமாகட்டும் என்று ஒருவர் கிரீஸை அப்பியிருக்கிறார், கெழு 0.10. அதே 'க்ளிக்', உள்ளே 223 கிலோநியூட்டன். அந்த எஃகு திரும்பி வரும் எல்லையே 220தான். போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கிவிட்டது. மூன்று போல்ட், மூன்று இழுப்பு, ஒரே சத்தம்.

இந்த ஊரின் வானிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 170 நாளுக்குக் குறையாமல் மழை, 2100 மி.மீ.க்கு மேல். காலையில் மூடியைத் திறந்துவைத்த போல்ட் வாளி பிற்பகல் மழையில் நனைவது நடக்கக்கூடாத ஒன்றாக இருக்கலாம், ஆனால் நடக்கும். நனைந்த போல்ட்டைத் துணியால் துடைத்துப் போட்டால் பார்வைக்குப் புதிது போலத்தான் இருக்கும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடு, மிச்சத்தை மூடிவை, மாலையில் மீந்ததைத் திரும்ப உள்ளே வை என்று விதிகள் சொல்வது சிக்கனத்துக்காக இல்லை. மசகு போனால் அந்தப் போல்ட்டின் கெழுவும் போயிற்று.

வேறொரு சிக்கலும் இந்த ஊருக்கே உரியது. சிங்கப்பூரில் இரும்புத்தாது கிடையாது. எஃகும் போல்ட்டும் பல திசைகளிலிருந்து வருகின்றன. ஐரோப்பிய, ஜப்பானிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய, சீனத் தரங்களில் செய்தவை ஒரே தீவில் புழங்குகின்றன. இவற்றில் எதை எந்த நிபந்தனையோடு ஏற்கலாம் என்று கட்டட, கட்டுமான ஆணையம் 2008-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டு, 2012-இல் அதைத் திருத்தியது. 2015 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வடிவமைப்புக்கு ஐரோப்பிய விதிகளே கட்டாயமாயின. தாளில் எல்லாம் ஒழுங்குதான். ஆனால் வாளிக்குள் ஒரு தரத்துப் போல்ட்டும் இன்னொரு தரத்து நட்டும் கலந்துவிட்டால் மரை சேரலாம், கெழு சேராது. முன்னிழுவிசைப் போல்ட்டை ஐரோப்பிய விதி ஒரு தொகுதியாகத்தான் பார்க்கிறது: போல்ட், நட்டு, வாஷர் மூன்றும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து சேர்ந்தே வந்தவையாக இருக்க வேண்டும். முறுக்குவிசையை நம்பி முடுக்குவதானால், அந்தத் தொகுதியைச் சோதித்துக் கண்ட கெழுவையும் தயாரிப்பாளர் தாளில் எழுதித் தந்திருக்க வேண்டும். தளத்தில் யாரும் அதிகம் புரட்டாத தாள் அது.

இந்தச் சந்தேகங்கள் புதியவை அல்ல. சிங்கப்பூர் ஆற்றின் வாயில் 1910-இல் திறந்த ஆண்டர்சன் பாலத்தின் எஃகு விலாக்களைப் பார்த்தால் வரிசை வரிசையாக அரைக்கோளத் தலைகள் தெரியும். ரிவெட்டுகள். செந்தணலாகக் காய்ச்சி அடித்த ரிவெட் ஆறும்போது சுருங்கித் தகடுகளை நெரிக்கும். எவ்வளவு நெரிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், வடிவமைப்பாளர்கள் அதைக் கணக்கிலேயே எடுத்ததில்லை. போல்ட்டைப் போதிய அளவு முடுக்கினால் தகடு நழுவாமல் பிடிக்கும் என்று 1934-இல் பிரிட்டனில் பாத்தோ, பேட்மேன் என்ற இருவர் சோதனை செய்து காட்டினார்கள். அமெரிக்காவில் 1947-இல் இதற்கென்றே ஓர் ஆய்வு மன்றம் கூடி, 1951-இல் முதல் விதிநூலை வெளியிட்டது. டார்க் ரெஞ்ச் முறை மேல் அந்த மன்றத்துக்கே எவ்வளவு அலுப்பு வந்தது என்றால், 1980-இல் அதை விதிநூலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். 1985-இல் திரும்பச் சேர்த்தபோது கடுமையான நிபந்தனையோடு சேர்த்தார்கள். அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து முறுக்குவிசையை முடிவு செய்யக் கூடாது. தளத்தில் இருக்கும் அதே போல்ட்டை, அதே ரெஞ்சை, அன்றன்றைக்குச் சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

சோதிக்க ஒரு பெட்டி உண்டு. அமெரிக்கத் தளங்களில் தயாரிப்பாளர் பெயராலேயே 'ஸ்கிட்மோர்' என்பார்கள். உள்ளே எண்ணெய் நிரம்பிய ஓர் அறை, நடுவில் துளை. துளையில் போல்ட்டைக் கோத்து முடுக்கினால் எண்ணெய் அமுங்கும். முகப்பில் உள்ள முள், போல்ட்டுக்குள் எவ்வளவு இழுப்பு என்பதை நேராகக் காட்டும். ஒளிந்திருக்கும் டன்களைக் கண்ணால் பார்க்கத் தளத்தில் கிடைக்கும் வாய்ப்பு இது ஒன்றுதான். காலையில் வாளியிலிருந்து மூன்று போல்ட்டை எடுத்து இதில் முடுக்கிப் பார்த்தால், அன்றைய மசகு, அன்றைய துரு, அன்றைய ரெஞ்ச் எல்லாம் சேர்ந்து என்ன இழுப்பைத் தருகின்றன என்று தெரிந்துவிடும். அரை மணி நேர வேலை. செய்பவர்கள் குறைவு.

இரண்டாவது வழி, முறுக்குவிசையை விட்டுவிட்டுக் கோணத்தை நம்புவது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முதலில் தகடுகள் படியும்வரை முடுக்கிவிடு. பிறகு நட்டின் மேலும் போல்ட்டின் முனையிலும் தகட்டின் மேலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடு. அதற்குப் பிறகு நட்டை இத்தனை பாகை மட்டும் திருப்பு. ஐரோப்பிய விதியின் கூட்டு முறையில் முதல் கட்டம் முக்கால் பங்கு முறுக்குவிசை. அடுத்து, பிடிக்கும் தடிமன் விட்டத்தைப் போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் 60 பாகை, ஆறு மடங்குக்குள் 90, அதற்கு மேல் பத்து மடங்குவரை 120. நம் எம்20 போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு 2.5 மி.மீ. நகரும். 90 பாகை என்றால் 0.6 மி.மீ.க்குச் சற்று மேல். போல்ட் நீள வேண்டியதோ 0.2 மி.மீ. மிச்சம் எங்கே போகிறது? கொஞ்சம் தகடுகளும் மரையும் அமுங்குவதில் போகும். மீதி, போல்ட்டைத் திரும்பி வரும் எல்லைக்கும் கொஞ்சம் அப்பால் கொண்டுபோய் நிறுத்தும். அந்தப் பகுதியில் போல்ட் எவ்வளவு நீண்டாலும் இழுப்பு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். ஆகவே திருப்பும்போது பத்துப் பாகை கூடக் குறையப் போனாலும் இழுப்பு பெரிதாக மாறாது. துரு, கிரீஸ், மழை எதுவும் கோணத்தை ஏமாற்ற முடியாது. வேலை முடிந்த பிறகும் மார்க்கர் கோடு விலகி நிற்பதைக் கீழே இருந்தே பார்த்துவிடலாம்.

ஏமாற்றக்கூடியது ஒன்றே ஒன்று உண்டு. தொடக்கத்தில் தகடுகள் உண்மையிலேயே படிந்திருக்க வேண்டும். வளைந்த தகடுகளுக்கிடையே இடைவெளி விட்டுக் கோடு போட்டால், 90 பாகையும் அந்த இடைவெளியை மூடுவதிலேயே தீர்ந்துவிடும். கோடு அழகாக விலகியிருக்கும், உள்ளே இழுப்பு இருக்காது. அதனால்தான் இணைப்பின் விறைப்பான நடுப்பகுதியிலிருந்து விளிம்பை நோக்கி முடுக்கச் சொல்கிறார்கள். ஒரு முறை போய்வந்த பின் இன்னொரு முறையும் போகச் சொல்கிறார்கள். பத்தாவது போல்ட்டை முடுக்கும்போது தகடு இன்னும் நெருங்கி, முதல் போல்ட் தளர்ந்திருக்கும்.

ஆளை நம்பாமல் போல்ட்டையே சாட்சி சொல்லவைக்கும் தந்திரங்களும் உண்டு. ஒன்று, முகத்தில் சிறு மேடுகள் உள்ள வாஷர். இழுப்பு ஏற ஏற மேடுகள் நசுங்கும். மிஞ்சிய இடுக்கில் 0.4 மி.மீ. தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். போதிய இடங்களில் நுழையாவிட்டால் இழுப்பு வந்துவிட்டது. இன்னொரு வகையில் மேடுகளுக்கு அடியில் ஆரஞ்சு நிறச் சிலிக்கோன் இருக்கும். நசுங்கும்போது அது வெளியே பிதுங்கி வரும். மற்றொன்று ஜப்பானிலும் சீனாவிலும் பரவலாகப் புழங்கும் வால் போல்ட். மரை முனையில் பல் வைத்த ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும். மின்கருவி ஒரு கையால் நட்டைத் திருப்பி, மறு கையால் அந்த வாலை எதிர்த்திசையில் பிடிக்கும். குறித்த முறுக்கு வந்ததும் வால் ஒடிந்துவிடும். முடிந்த இணைப்பு எது, முடியாதது எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். இரவு வேலையில் ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் வாலோடு நிற்பது காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டும் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் சாட்சி சொல்லும் பொருளும் பொய் சொல்லும். வால் ஒடிவது முறுக்குவிசையால். துருப்பிடித்த போல்ட்டில் உராய்வு கூடி, இழுப்பு வருவதற்கு முன்பே வால் ஒடிந்துவிடும். கீழே விழுந்த வால்களை எண்ணிக் கணக்கெழுதினால் கணக்கு சரியாக இருக்கும், இணைப்பு இருக்காது. நசுங்கிய மேடு திரும்ப எழாது. பக்கத்துப் போல்ட்டை முடுக்கியதில் இது தளர்ந்துபோயிருந்தாலும் வாஷர் பழைய சாட்சியத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். இவற்றைத் தவிர, மீயொலி அலையைப் போல்ட்டுக்குள் அனுப்பி அது போய்வரும் நேரத்திலிருந்து நீட்சியைக் கணக்கிடும் கருவியும் இருக்கிறது. துல்லியமானது. ஆனால் முடுக்கும் முன் இருந்த நீளத்தையும் அளந்து வைத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான போல்ட் போகும் கட்டுமானத்தில் யாரும் அந்தச் சிரமத்துக்குப் போவதில்லை.

சுருள் வாஷரை நம்புவோரும் நிறைய. வீட்டு அலமாரியிலிருந்து மோட்டார் சைக்கிள்வரை அது இருந்தால் நட்டு கழலாது என்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் உறுதியான நம்பிக்கை. குறுக்கே ஆடும் அதிர்வுதான் நட்டைக் கழற்றுகிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் 1969-இல் இயந்திரம் வைத்தே காட்டினார். குறுக்கே நழுவவிடாத அளவு முன்னிழுவிசை இருந்தால் நட்டு தானாகக் கழலாது. இல்லாவிட்டால் சுருள் வாஷர் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது.

எல்லாம் முடிந்த மறுநாள் ஓர் ஆய்வாளர் டார்க் ரெஞ்சோடு வந்து நாலு நட்டைத் திருப்பிப் பார்த்து 'ஓகே' என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நின்றுபோன நட்டை மறுபடி அசைக்க, ஓடிக்கொண்டிருந்த நட்டுக்கு வேண்டியதைவிடக் கூடுதல் முறுக்கு தேவைப்படும். அதனால் இழுப்பு குறைந்த போல்ட்டும் இந்தச் சோதனையில் தேறிவிட வாய்ப்புண்டு. வெயிலில் காய்ந்து மழையில் நனைந்த சில வாரங்களுக்குப் பிறகு வந்து திருப்பினால் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. மறுநாள் சோதனை, முந்தின நாள் கவனித்து நின்றதற்கு மாற்றாகாது.

இழுப்பு சரியாக இருந்தும் போல்ட் உடைந்த கதையும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில், நிலநடுக்கத்தைத் தாங்க வைத்த 96 நங்கூரத் தண்டுகளை 2013 மார்ச்சில் இழுத்து முடுக்கினார்கள். விதிப்படிதான் முடுக்கினார்கள். சில நாட்களில் அவற்றில் 32 ஒடிந்தன. 2008-இல் செய்து, துத்தநாகம் பூசி, தண்ணீர் தேங்கிய குழிகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்த தண்டுகள் அவை. மிக வலுவான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால், இழுப்பில் வைத்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ அது முன்னறிவிப்பின்றி முறியும். ஜப்பானும் 10.9-ஐவிட வலுவான போல்ட்களை ஒரு காலத்தில் போட்டு, அவை நாள் கழித்து உடைவதைக் கண்டு கைவிட்டது. வலிமை கூடக் கூட நல்லது என்று நினைக்கும் கடல் சூழ்ந்த ஊர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சிங்கப்பூருக்குச் சரிபார்ப்பின் அருமை பட்டுத் தெரிந்த ஒன்று. 1986 மார்ச் 15-இல், தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையில் கொஞ்ச தூரம் போனால் வரும் ஓவன் சாலைச் சந்திப்பில், ஹோட்டல் நியூ வோர்ல்டு ஆறு மாடியும் சரிந்து 33 பேர் மாண்டார்கள். கட்டடத்தின் சொந்த எடையே கணக்கில் வராமல் போயிருந்தது. அதன் விளைவாக 1989-இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவர் போட்ட வடிவமைப்பை வேறொரு தகுதிபெற்ற பொறியாளர் தனியே சரிபார்க்க வேண்டும் என்றது. 2004 ஏப்ரல் 20-இல் நிக்கல் நெடுஞ்சாலை அருகே வட்ட ரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளம் இடிந்து நால்வர் இறந்தார்கள். அங்கே முதலில் தோற்றவை, மண்ணைத் தாங்கிய எஃகுத் தாங்கிகள் பக்க உத்தரத்தோடு சேரும் இணைப்புகள். அவற்றின் வலிமை தவறாகக் கணக்கிடப்பட்டிருந்தது. இரண்டுமே போல்ட்டால் வந்த விபத்துகள் அல்ல. ஆனாலும் எஃகு தோற்பது பெரும்பாலும் சேரும் இடத்தில்தான் என்பதை இரண்டாவது விபத்து ஊருக்கே காட்டியது. இன்று தோ பாயோவின் மேற்கு ஓரத்தில் 21.5 கிலோமீட்டர் நீள வடக்கு-தெற்கு இணைப்புக்காகத் தாம்சன் சாலையையும் மேரிமவுண்ட் சாலையையும் ஒட்டி மண்ணைத் தோண்டுகிறார்கள். அங்கேயும் மண்ணைத் தாங்கி நிற்பது இதே மாதிரி எஃகுச் சட்டங்கள்தான்.

தனிச் சரிபார்ப்பாளர் வரைபடத்தையும் கணக்கையும் பார்ப்பார். குறிப்பிட்ட ஒரு பிற்பகலில், பத்தாவது மாடி உயரத்தில், சேணப் பட்டியில் தொங்கிக்கொண்டு ஒருவர் முடுக்கிய நட்டுக்குள் எத்தனை டன் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. தெரிந்தால் அது அந்த ஒருவருக்கும் அவருக்கு அருகில் நின்றவருக்கும்தான் தெரியும். அந்த ஒருவர் புதுக்கோட்டையிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வந்து, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நாம் சந்திக்கும் தம்பியாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் கூட்டத்தில் அவருக்கு ரெஞ்ச் எண்ணைச் சொல்கிறார்கள். அந்த எண் ஏன் அது, எப்போது அது செல்லாது என்று சொல்வதில்லை. காரணம் தெரிந்தவர் நனைந்த வாளியைக் கண்டால் கையை நிறுத்துவார். எண் மட்டும் தெரிந்தவர் 'க்ளிக்' வரும்வரை இழுத்துவிட்டு அடுத்த போல்ட்டுக்குப் போய்விடுவார். அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை.

தமிழ் பேசும் சூப்பர்வைசர்கள், ஃபோர்மேன்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறீர்கள். நாளைக் காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கித் தமிழிலேயே சொல்லுங்கள்: வாளியை மூடிவைக்க வேண்டும், இரண்டு பெட்டி நட்டுகளைக் கலக்கக் கூடாது, தகடு படிந்த பிறகே கோடு போட வேண்டும், ஒரு முறை முழு இழுப்புக்கு ஏற்றிய போல்ட்டைக் கழற்றினால் அதைத் திரும்பப் பயன்படுத்தாமல் குப்பையில் போட வேண்டும். இதைக் கடைசியாகச் சொல்வதாலோ, போல்ட் பார்க்கப் புதிதாக இருப்பதாலோ, மீறப்படுவது இந்த விதிதான் அதிகம்.